விருந்துக்கு அழைத்த கால்பந்து!

குட்டீஸ், ஆகஸ்ட் 15 வந்தால் நாம் என்ன செய்வோம்? பள்ளியில் கொடி ஏற்றுவோம். பாட்டுப் பாடுவோம். மிட்டாய் வாங்கிச் சாப்பிடுவோம். மாலையில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவோம், இல்லையா?

ஒரு நாடே அப்படிச் செய்தது என்றால் நம்புவீர்களா? சுதந்திரம் கிடைத்ததும், "எங்கள் வீட்டில் விசேஷம், விளையாட வாருங்கள்!" என்று அக்கம்பக்கத்து நாடுகளுக்கெல்லாம் அது அழைப்பு அனுப்பியது. ஒரு வருடத்தோடு நிறுத்தவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் அழைத்துக்கொண்டே இருந்தது.

அந்த நாடு, இன்று மலேசியா என்று நாம் சொல்லும் நாடு. அந்த விளையாட்டு, கால்பந்து. அந்தப் போட்டியின் பெயர், மெர்டேக்கா கோப்பை.

'மெர்டேக்கா' என்றால் மலாய் மொழியில் 'விடுதலை' என்று பொருள். மலாய்க்காரர்கள் இந்தப் போட்டியை 'பெஸ்தா போலா மெர்டேக்கா' என்பார்கள். 'பெஸ்தா' என்றால் திருவிழா. 'போலா' என்றால் பந்து. விடுதலைப் பந்துத் திருவிழா! பெயரே எவ்வளவு அழகாக இருக்கிறது, பார்த்தீர்களா?

ஏழு முறை எழுந்த குரல்

முதலில் 1957ஆம் ஆண்டுக்குப் போவோம். அப்போது அந்த நாட்டின் பெயர் மலாயா. ஆங்கிலேயர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்த நாடு அது. மலாய்க்காரர்கள், சீனர்கள், இந்தியர்கள் என்று பல இன மக்கள் அங்கே சேர்ந்து வாழ்ந்தார்கள். ரப்பர் தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் வேலை செய்வதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன லட்சக்கணக்கான தமிழர்களும் அவர்களில் உண்டு.

நாட்டுக்கு விடுதலை வரப்போகிறது என்று தெரிந்ததும், தலைநகர் கோலாலம்பூரில் ஒரு பெரிய மைதானம் கட்டத் தொடங்கினார்கள். அதன் பெயரும் மெர்டேக்காதான். 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி அந்த மைதானம் திறக்கப்பட்டது. மறுநாள், ஆகஸ்ட் 31, விடுதலை நாள்!

அன்று காலை மைதானத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் விடுதலைப் பிரகடனத்தைப் படித்தார். பிறகு கையை உயர்த்தி, "மெர்டேக்கா!" என்று முழங்கினார். ஒரு முறை அல்ல, ஏழு முறை! ஒவ்வொரு முறையும் கூட்டம் அதைத் திருப்பி முழங்கியது.

கொடி ஏற்றிய அதே மைதானத்தில் அதே ஆண்டில் பந்து உருண்டது. முதல் மெர்டேக்கா கோப்பைப் போட்டி தொடங்கிவிட்டது!

பந்தை நேசித்த பிரதமர்

பிரதமருக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நிறையவே உண்டு.

துங்கு அப்துல் ரகுமான் 1903இல் கெடா மாநிலத்து அரச குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கால்பந்து என்றால் அவருக்கு உயிர். பிரதமர் ஆவதற்கு முன்பே, 1951இல், மலாயா கால்பந்துச் சங்கத்தின் தலைவராகிவிட்டார். 1958இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரும் ஆனார். 1977 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

பல இன மக்கள் வாழும் புது நாடு. பேசும் மொழி வேறு, கும்பிடும் தெய்வம் வேறு. ஆனால், பந்து வலைக்குள் போனால் எல்லோரும் ஒன்றாகத்தானே துள்ளிக் குதிப்பார்கள்? இது துங்குவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அழைப்பின் அருமை

குட்டீஸ், இங்கே ஒரு சின்ன விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கால்பந்துப் போட்டிகளில் இரண்டு வகை உண்டு.

உலகக் கோப்பை போன்ற போட்டிகளில் விளையாட வேண்டுமானால், முதலில் தகுதிச் சுற்றுகளில் வென்று வர வேண்டும். இது ஒரு வகை. போட்டியை நடத்தும் நாடு, "நீங்கள் வாருங்கள், நீங்களும் வாருங்கள்" என்று தனக்குப் பிடித்த அணிகளை அழைப்பது இன்னொரு வகை. இதைத்தான் அழைப்புப் போட்டி என்கிறார்கள். மெர்டேக்கா கோப்பை இந்த இரண்டாவது வகை.

"தகுதி பெற்று வருவதுதானே பெருமை? அழைத்து வருவதில் என்ன இருக்கிறது?" என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் காலத்து நிலைமையைக் கேளுங்கள்.

1966 உலகக் கோப்பையில் மொத்தம் 16 அணிகள். அதில் ஆசியா, ஆப்பிரிக்கா, ஓசியானியா ஆகிய மூன்று கண்டத்து நாடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட இடம் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று! கோபம் வந்த ஆப்பிரிக்க நாடுகள் அந்தப் போட்டியையே புறக்கணித்தன. கடைசியில் வடகொரியா அந்த ஓர் இடத்தைப் பிடித்தது.

ஆசியக் கோப்பை என்று ஒரு போட்டி 1956இல் ஹாங்காங்கில் தொடங்கியது. அதுவும் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். முதல் போட்டியில் ஆடியவை வெறும் நான்கு அணிகள்.

அப்படியானால் பர்மாவில், தாய்லாந்தில், இந்தோனேசியாவில், கொரியாவில் இருந்த திறமையான வீரர்கள் எங்கே போய் விளையாடுவார்கள்? பக்கத்து நாட்டின் ஆட்டத்தைப் பார்த்து எப்படிக் கற்றுக்கொள்வார்கள்? பரீட்சையே வைக்காமல் ஒரு மாணவனைப் பின்தங்கியவன் என்று சொல்ல முடியுமா? அந்தக் கால ஆசியக் கால்பந்தின் நிலைமை கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து அழைப்பு வந்தது. வருடம் தவறாமல் வந்தது. அதனால்தான் ஆசிய நாடுகள் பலவும் அதை ஆவலோடு எதிர்பார்த்தன.

முதல் கோப்பை யாருக்கு?

1957இல் நடந்த முதல் போட்டியில் கோப்பையை வென்றது ஹாங்காங். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹாங்காங் அப்போதும் ஆங்கிலேயர் ஆட்சியில்தான் இருந்தது. விடுதலைத் திருவிழாவின் முதல் கோப்பை, இன்னும் விடுதலை பெறாத ஊருக்குப் போய்ச் சேர்ந்தது!

விருந்து கொடுத்தவர்கள் முகம் சுளிக்கவில்லை. அடுத்த ஆண்டும் எல்லோரையும் அழைத்தார்கள். இந்த முறை மலாயா வென்றது. 1959இல் மீண்டும் மலாயா! அந்த அணியின் நட்சத்திர முன்கள வீரர் அப்துல் கனி மின்ஹாட். அவரை மக்கள் 'ராஜா போலா' என்று அழைத்தார்கள். பந்தின் ராஜா என்று அர்த்தம்.

1960இல் இறுதி ஆட்டத்துக்கு வந்தது தென்கொரியா. அது சாதாரண அணி அல்ல, ஆசியக் கோப்பையை வென்ற அணி. விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகளான மலாயா அதை எதிர்த்து ஆடியது. ஆட்ட முடிவில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. 0-0.

பிறகு என்ன ஆயிற்று? இரண்டு அணிகளுமே வெற்றி பெற்றதாக அறிவித்துவிட்டார்கள்!

ஆளுக்குப் பாதி!

இன்று இறுதி ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் ஆடுவார்கள். அப்போதும் முடிவு தெரியாவிட்டால் பெனால்டி அடிப்பார்கள். 1960களில் அந்தப் பெனால்டி விதி இல்லை. மெர்டேக்கா கோப்பையில் 1960, 1965, 1967, 1979 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் இரண்டு அணிகள் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. அண்ணனும் தங்கையும் ஒரே கடலை மிட்டாயை ஆளுக்குப் பாதியாக உடைத்துக்கொள்வது மாதிரி!

சில பெரிய போட்டிகளில் இதைவிட மோசம். சீட்டுக் குலுக்கிப் போட்டு வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1968 ஒலிம்பிக் கால் இறுதியில் இஸ்ரேலும் பல்கேரியாவும் சமனில் முடித்தபோது, குலுக்கல் சீட்டுத்தான் பல்கேரியாவை அரை இறுதிக்கு அனுப்பியது. வருடக்கணக்கில் பயிற்சி எடுத்த வீரர்களின் கனவைச் சீட்டு முடிவு செய்வது நியாயமா?

நியாயம் இல்லை என்று இஸ்ரேல் கால்பந்துச் சங்கத்தினர் சொன்னார்கள். பெனால்டி அடித்து முடிவு செய்யலாம் என்றார்கள். உலகக் கால்பந்துச் சங்கத்தின் நடுவர் குழுவில் இருந்த ஒருவர் அந்த யோசனையை முன்னின்று வலியுறுத்தினார். அவர் பெயர் கோ ஈவ் டெயிக். எந்த நாட்டுக்காரர் தெரியுமா? மலேசியர்! 1970 ஜூன் மாதம் அந்த யோசனை கால்பந்தின் விதியானது. இன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெனால்டியை நகம் கடித்துக்கொண்டு பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் ஒரு மலேசியரின் முயற்சியும் இருக்கிறது.

அண்டை வீட்டுச் சண்டை

விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் எப்போதும் நண்பர்களாகவே இருந்தார்களா? இல்லை.

1961, 1962 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வென்ற அணி இந்தோனேசியா. 1962 இறுதி ஆட்டத்தில் அது பாகிஸ்தானை 2-1 என்று வென்றது. அதற்கு அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1963 செப்டம்பர் 16ஆம் தேதி மலாயாவோடு சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியவை சேர்ந்து 'மலேசியா' என்ற நாடு உருவானது. இந்தோனேசியாவின் அதிபர் சுகர்னோவுக்கு இது பிடிக்கவில்லை. இரு நாடுகளும் உறவை முறித்துக்கொண்டன. எல்லையில் துப்பாக்கிச் சண்டைகளே நடந்தன. 1966 ஆகஸ்ட் மாதத்தில்தான் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 1969 மெர்டேக்கா கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோதிய அணிகள் எவை தெரியுமா? மலேசியாவும் இந்தோனேசியாவும்! இந்தோனேசியா 3-2 என்று வென்றது. எல்லையில் மோதிக்கொண்ட இரண்டு நாடுகள், இப்போது ஒரு பந்துக்காக மட்டும் மோதின. தோற்றது விருந்து கொடுத்த நாடு. ஆனால், அடுத்த ஆண்டும் திருவிழா நடந்தது!

போருக்கு நடுவே ஒரு வெற்றி

1966ஆம் ஆண்டுக் கோப்பையின் கதை இன்னும் உருக்கமானது. அப்போது வியட்நாம், வடக்கு என்றும் தெற்கு என்றும் இரண்டாகப் பிரிந்திருந்தது. பயங்கரமான போர் நடந்துகொண்டிருந்தது. அந்த நிலையிலும் தென்வியட்நாம் தன் அணியைக் கோலாலம்பூருக்கு அனுப்பியது.

அந்த அணியின் பயிற்சியாளர் கார்ல் ஹெய்ன்ஸ் வெய்காங் என்ற ஜெர்மானியர். இறுதி ஆட்டத்தில் பலம் வாய்ந்த பர்மாவை 1-0 என்று வென்று, தென்வியட்நாம் கோப்பையைத் தூக்கியது. தினமும் போர்ச் செய்தியையே கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாட்டுக்கு, அன்று ஒரு நல்ல செய்தி போய்ச் சேர்ந்தது.

இந்த வெய்காங் பெயரை மறந்துவிடாதீர்கள். அவர் மறுபடியும் வருவார்!

இந்தியா என்ன செய்தது?

"நம்ம இந்தியா விளையாடவில்லையா?" என்று கேட்பது காதில் விழுகிறது. விளையாடாமல் இருக்குமா!

1950களும் 60களும் இந்தியக் கால்பந்தின் பொற்காலம். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராமன் ஆகிய மூன்று முன்கள வீரர்களைக் கண்டால் எதிரணிகள் நடுங்கிய காலம் அது. இவர்களில் பலராமன், செகந்திராபாத் பகுதியில் வாழ்ந்த தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றதே, அந்த அணியில் இந்த மூவரும் இருந்தார்கள்.

மெர்டேக்கா கோப்பையில் 1959இல் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1964இல் இறுதி ஆட்டம் வரை போய், பர்மாவிடம் 0-1 என்று தோற்றது. ஒரே ஒரு கோலில் கோப்பை கைநழுவியது! அதே 1964இல்தான் ஆசியக் கோப்பையிலும் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது.

பர்மா என்பது இன்றைய மியான்மர். இன்று கால்பந்து உலகில் அதன் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. ஆனால், அன்று அது ஆசியாவின் புலி. 1966, 1970 ஆகிய இரண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் தங்கம் வென்ற அணி. 1970 தங்கத்தைத் தென்கொரியாவோடு பகிர்ந்துகொண்டது. மெர்டேக்கா கோப்பையை 1964இல் வென்றது. 1967இல் பகிர்ந்துகொண்டது. 1971இல் மறுபடியும் வென்றது.

ஸ்பைடர்மேன் ஆறுமுகம்!

1970களில் மலேசியாவுக்கு ஓர் அற்புதமான அணி அமைந்தது. அதில் இருந்தவர்களைப் பாருங்கள்.

கோல் அடிக்க ஒரு மலாய்க்காரர், மொக்தார் டஹாரி. ரசிகர்கள் அவரை 'சூப்பர் மொக்' என்று கொண்டாடினார்கள். தடுப்பாட்டத்தில் ஒரு சீனர், சோ சின் ஆன். அவருக்குப் பக்கத்தில் ஒரு சீக்கியர், சந்தோக் சிங். கோலைக் காக்க ஒரு தமிழர், ஆர். ஆறுமுகம்!

ஆறுமுகத்துக்கு நீளமான கைகள். பந்து எந்த மூலைக்குப் போனாலும் கை அங்கே போய்விடும். அதனால் அவருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'ஸ்பைடர்மேன்'. சிலந்தி மனிதன்!

1973இல் குவைத்தை 3-1, 1974இல் தென்கொரியாவை 1-0, 1976இல் ஜப்பானை 2-0 என்று இறுதி ஆட்டங்களில் வீழ்த்தி, மலேசியா மெர்டேக்கா கோப்பையை வென்றது. 1974 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலமும் பெற்றது. ஆண்டுதோறும் வீட்டு வாசலிலேயே கொரியாவோடும் பர்மாவோடும் மோதிப் பழகியதன் பலன் அது.

இப்போது வெய்காங்கை மறுபடி பார்ப்போம். தென்வியட்நாமுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ஜெர்மானியர், பின்னாளில் மலேசியாவின் பயிற்சியாளராக வந்தார். 1980 ஏப்ரலில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது. இடம், அதே மெர்டேக்கா மைதானம். எதிரணி, அதே தென்கொரியா. ஆட்டம் 1-1 என்று இருந்தபோது, ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வாங் கோலாக்கினார். 2-1! மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது.

ஆனால், அந்த வீரர்கள் மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. சோவியத் யூனியன் ஆப்கானிஸ்தானுக்குள் படைகளை அனுப்பியதால், அமெரிக்கா முதலிய பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் சேர்ந்துகொண்டது. வென்றும் விளையாட முடியாத வேதனை அவர்களுக்கு! இந்தக் கதையைத் தழுவி 2016இல் 'ஓலா போலா' என்ற திரைப்படம் வந்தது. அதில் வரும் கோல்கீப்பரின் பெயர் முத்து.

ஆறுமுகம் 1988 டிசம்பரில் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 35தான். மொக்தார் டஹாரி 1991இல் தசைகளை முடக்கும் நோயால் இறந்தார். மலேசியாவில் இன்றும் பழைய ரசிகர்கள் இவர்கள் பெயரைச் சொன்னால் நெகிழ்ந்துபோவார்கள்.

பார்த்துக் கற்றுக்கொண்ட நாடுகள்

ஒரு வீட்டில் நன்றாகக் கொலு வைத்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆசை வரும் அல்லவா? மெர்டேக்கா கோப்பையைப் பார்த்து மற்ற நாடுகளும் அழைப்புப் போட்டிகளைத் தொடங்கின. 1968இல் தாய்லாந்து, 'கிங்ஸ் கோப்பை' என்று மன்னர் பெயரில் தொடங்கியது. 1971இல் தென்கொரியா தன் அதிபர் பார்க் சுங் ஹீ பெயரில் ஒன்றைத் தொடங்கியது.

அந்தக் கொரியப் போட்டியில் 1976இல் ஓர் அதிசயம் நடந்தது. மலேசியா 4-1 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. மைதானத்தில் இருந்தவர்கள், கொரியா தோற்றுவிட்டது என்றே நினைத்தார்கள். அப்போது சா பும் குன் என்ற இளம் வீரர் அடுத்தடுத்து மூன்று கோல் அடித்தார்! ஆட்டம் 4-4. இதே சா பும் குன், பிறகு ஜெர்மனிக்குப் போய் அங்குள்ள கிளப்களில் ஆடி உலகப் புகழ் பெற்றார்.

இப்படி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் ஆடி ஆடித்தான் ஆசியக் கால்பந்து வளர்ந்தது. தென்கொரியா 1986 முதல் எல்லா உலகக் கோப்பைகளுக்கும் தகுதி பெற்று வருகிறது. ஜப்பான் 1998இல் முதல் முறையாக உலகக் கோப்பையில் ஆடியது. 2002இல் இந்த இரண்டு நாடுகளும் சேர்ந்து உலகக் கோப்பையையே நடத்தின. இந்த இரண்டு அணிகளும் ஒரு காலத்தில் மெர்டேக்கா கோப்பைக்கு வந்து ஆடிய விருந்தாளிகள்தான்!

திருவிழா ஏன் மங்கியது?

1980களில் விருந்தாளிகள் இன்னும் தூரத்திலிருந்து வந்தார்கள். 1980இல் ஆப்பிரிக்காவின் மொராக்கோ வந்து, மலேசியாவை 2-1 என்று வென்று கோப்பையைக் கொண்டுபோனது. ஐரோப்பாவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கிளப் அணிகளும் வந்தன.

ஆனால், ஆசிய நாடுகளின் பெரிய அணிகள் வருவது குறையத் தொடங்கியது. காரணம் என்ன?

கொரியாவில் 1983இலும் ஜப்பானில் 1993இலும் தொழில்முறை லீக் போட்டிகள் தொடங்கின. வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்த கிளப்கள், அவர்களை இரண்டு மூன்று வாரம் வெளியூர் அனுப்பத் தயங்கின. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகள் பெருகின. ஆசியாவுக்குக் கிடைக்கும் இடங்களும் ஏறின. 48 அணிகள் ஆடும் 2026 உலகக் கோப்பையில் ஆசியாவுக்கு நேரடியாகவே 8 இடங்கள். 1966இல் இருந்த நிலைமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

அதாவது, எந்தக் குறையைப் போக்க மெர்டேக்கா கோப்பை உதவியதோ, அந்தக் குறை நீங்கிவிட்டது. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனதும் பெரிய வீடு வெறிச்சோடுவது போல, திருவிழாவும் களை இழந்தது. 1988க்குப் பிறகு வருடா வருடம் நடப்பது நின்றது. சில ஆண்டுகள் நடக்கும். சில ஆண்டுகள் நடக்காது. 2013க்குப் பிறகு பத்து ஆண்டுகள் நடக்கவே இல்லை.

காலியாக இருந்த நாற்காலி

2023 அக்டோபரில் மெர்டேக்கா கோப்பை மறுபடி உயிர் பெற்றது. இடம், கோலாலம்பூரின் புதிய புக்கிட் ஜாலில் மைதானம். ஆட வேண்டிய அணிகள் நான்கு: மலேசியா, இந்தியா, தஜிகிஸ்தான், பாலஸ்தீனம்.

ஆனால், போட்டி தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் காசாவில் போர் மூண்டது. பாலஸ்தீன வீரர்களால் கிளம்பி வர முடியவில்லை. 1966இல் போருக்கு நடுவே வந்த அணி கோப்பையை வென்றது. 2023இல் போர், ஓர் அணியை வரவே விடவில்லை. பாலஸ்தீனத்தோடு மோத வேண்டிய தஜிகிஸ்தான், ஆடாமலே இறுதி ஆட்டத்துக்குப் போனது.

அக்டோபர் 13ஆம் தேதி இந்தியாவும் மலேசியாவும் அரை இறுதியில் மோதின. இந்தியாவுக்காக மகேஷ் சிங்கும் கேப்டன் சுனில் சேத்ரியும் கோல் அடித்தார்கள். மலேசியா 3-2 என்று முன்னணியில் இருந்தபோது, இந்தியாவின் சாங்தே அடித்த பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. தொலைக்காட்சியில் அது தெரிந்தது. ஆனால், நடுவர் கோல் தரவில்லை. இந்தியா 2-4 என்று தோற்றது. நம் ரசிகர்களுக்கு அன்று ஆறாத வருத்தம்! பிறகு இறுதி ஆட்டத்தில் தஜிகிஸ்தான் மலேசியாவை 2-0 என்று வென்றது.

2024 செப்டம்பரில் மலேசியா விட்டதைப் பிடித்தது. இறுதி ஆட்டத்தில் லெபனானை 1-0 என்று வீழ்த்தி, சொந்த வீட்டுக் கோப்பையைச் சொந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டது.

துங்கு முழங்கிய பழைய மெர்டேக்கா மைதானம் இன்றும் கோலாலம்பூரில் இருக்கிறது. அதை இடிக்காமல், பழைய தோற்றத்துக்கே புதுப்பித்திருக்கிறார்கள். அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

குட்டீஸ், இந்தக் கதையில் கோப்பையை வென்றவர்கள் பட்டியல் நீளமானது. ஆனால், அதைவிடப் பெரிது, அழைக்கப்பட்டவர்கள் பட்டியல்தான். உலகம் இடம் தராத நாட்களில், புதிதாக விடுதலை பெற்ற ஒரு சின்ன நாடு, "நம் வீட்டுக்கு வாருங்கள், நாமே ஆடிப் பார்ப்போம்" என்று சொன்னது. அந்த ஆட்டங்களில்தான் ஆசியாவின் பல அணிகள் பலம் பெற்றன.

உங்கள் பள்ளி மைதானத்திலும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் பையனோ பெண்ணோ இருப்பார்கள். நாளை விளையாட்டு நேரத்தில் அவர்களையும் "வா, ஆடலாம்!" என்று கூப்பிட்டுப் பாருங்களேன். உங்கள் அணிக்கு ஒரு சூப்பர் மொக்கோ, ஒரு ஸ்பைடர்மேன் ஆறுமுகமோ கிடைத்தாலும் கிடைக்கலாம்!

சொல்லுங்கள் பார்க்கலாம்!

1. முதல் மெர்டேக்கா கோப்பையை வென்ற அணி எது?
2. 'ராஜா போலா' என்று அழைக்கப்பட்டவர் யார்?
3. எந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் இந்தியா பர்மாவிடம் தோற்றது?
4. தென்வியட்நாமுக்கும் மலேசியாவுக்கும் பயிற்சி கொடுத்த ஜெர்மானியர் யார்?
5. 'பெஸ்தா' என்ற மலாய்ச் சொல்லுக்கு என்ன பொருள்?

விடைகள்: 1. ஹாங்காங் 2. அப்துல் கனி மின்ஹாட் 3. 1964 4. கார்ல் ஹெய்ன்ஸ் வெய்காங் 5. திருவிழா